மூக்குத் தண்டு + வடிவ அறுவைக்கு 1,50,000: காப்பீடா, நகைக் கடனா, கிளினிக் இ.எம்.ஐ.யா, சிட்டியா?

மார்த்தாண்டம்_பாலம் (இழை தொடங்கியவர்)

வணக்கம். மூக்கின் நடுத்தண்டு வளைவு, வெளி வடிவம் இரண்டையும் ஒரே தடவையில் சரிசெய்ய திருவனந்தபுரத்தில் ஒரு கிளினிக்கில் 1,50,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். '12 மாதம் நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு, வட்டியே கிடையாது' என்கிறார்கள். மருத்துவக் காப்பீடு எடுத்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது. வீட்டில் கொஞ்சம் நகையும் உண்டு. கே.எஸ்.எஃப்.இ. சிட்டியில் (ஏலச் சீட்டு) சேர்ந்து எடுக்கலாம் என்று பாறசாலைப் பக்கம் உள்ளவர்கள் சொல்கிறார்கள். எந்த வழியில் நஷ்டம் குறைவு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

கடனைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தக் கொட்டேஷன் தாளைப் பிரித்து வாங்குங்கள். 'செப்டோரைனோபிளாஸ்டி பேக்கேஜ் 1,50,000' என்று ஒரே வரியில் இருந்தால் அதை வைத்துக்கொண்டு காப்பீட்டுக்காரனிடமும் பேச முடியாது, வரியிலும் அடி விழும்.

தாளில் தனித்தனியாக வர வேண்டியவை: அறுவை மருத்துவர் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், தியேட்டர் வாடகை (எத்தனை மணி நேரத்துக்கு), அறை, மருந்து மற்றும் நுகர்பொருள்கள், முன் பரிசோதனைகள், மூக்கு ஸ்பிளின்ட் (மூக்கை அசையாமல் தாங்கும் பட்டை), தையல் பிரிக்க வரும் வருகைகள். இதெல்லாம் செப்டோபிளாஸ்டிக்கு (தண்டு) எவ்வளவு, ரைனோபிளாஸ்டிக்கு (வெளி வடிவம்) எவ்வளவு என்று இரண்டு பத்தியாக இருக்கணும்.

ஏன் என்றால் ஜி.எஸ்.டி. நோய்க்கான சிகிச்சைக்கு வரிவிலக்கு உண்டு. அழகுக்காகச் செய்யும் அறுவைக்கும் முடி நடுவதற்கும் அந்த விலக்கு கிடையாது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் இவற்றால் கெட்ட உறுப்பைச் சீரமைப்பது என்றால் பிளாஸ்டிக் சர்ஜரி ஆனாலும் விலக்குக்குள் வரும். தண்டு வளைவு மூச்சுக்காகச் செய்வது, அதற்கு வரி கூடாது. வெளி வடிவத்துக்கு உண்டு.

சும்மா கணக்குக்கு, தண்டுப் பகுதி 60,000, வடிவப் பகுதி 90,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் 18% போட்டிருந்தால் 90,000-க்கு 16,200. பிரிக்காமல் மொத்தத்துக்கும் போட்டால் 27,000. ஒரு தாள் பிரிப்பதில் 10,800 ரூபாய் நிற்கிறது. விகிதம் என்ன, எந்தச் சேவைக் குறியீட்டில் என்பதையும் எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22-ல் பல சேவைகளுக்கு விகிதம் மாறியது. பழைய தாளையே நகல் எடுத்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு.

'பில் இல்லாமல் ரொக்கமா குடுத்தா வரி வேண்டாம்' என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். பில் இல்லாவிட்டால் நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் நீங்கள் அங்கே போனதற்கே சாட்சி இல்லை. அதோடு ஒரு சிகிச்சைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது, அபராதம் வாங்கியவருக்கு.

டி.பி.ஏ_மேசை

காப்பீட்டுப் பகுதியை நான் சொல்கிறேன்.

எல்லா நிறுவனத்தின் பாலிசியிலும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) வகுத்த ஒரே வாசகம்தான், விலக்கு எண் 08. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பு என்றால் உண்டு. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவ அவசியமாகச் செய்தாலும் உண்டு, ஆனால் சிகிச்சை தரும் மருத்துவர் அப்படிச் சான்று எழுத வேண்டும்.

உங்கள் தண்டு வளைவு இந்த விலக்கில் வராது, அது காது-மூக்கு-தொண்டைச் சிகிச்சை. ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் அது 'குறிப்பிட்ட நோய்கள்' பட்டியலில் இருக்கும். அதற்குக் காத்திருப்புக் காலம் பொதுவாக 24 மாதம், உச்சவரம்பு 36 மாதம். மூன்று வருஷம் இடைவெளி விடாமல் புதுப்பித்திருந்தால் தாண்டிவிட்டீர்கள். நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போயிருந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள்.

முன் அனுமதிக்கு அனுப்பும்போது இருக்க வேண்டிய காகிதம்: மூக்கு எண்டோஸ்கோப்பி அறிக்கை, சைனஸ் சி.டி. ஸ்கேன், மூச்சடைப்பு எத்தனை மாதமாக என்ற மருத்துவர் குறிப்பு, மருந்து ஸ்பிரே போட்டும் கேட்கவில்லை என்பதற்குப் பழைய மருந்துச் சீட்டுகள். இந்தக் கடைசிக் காகிதம் இல்லாததால்தான் பாதி பேருக்கு 'கூடுதல் விவரம் தேவை' என்று திரும்பி வருகிறது. ஒரே ஒரு நாள் தேதியில் எழுதிய சீட்டை மட்டும் வைத்தால் நம்ப மாட்டார்கள்.

அனுமதி கேட்பு போனதும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது 2024-ல் வந்த விதி. ஆனால் கிளினிக் காப்பீட்டு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் (ஒப்பந்தப் பட்டியலில்) இருந்தால்தான் இந்தக் காசில்லாச் சிகிச்சையெல்லாம் ஒழுங்காக நடக்கும். அழகு அறுவை மட்டும் செய்யும் கிளினிக்குகள் பலவும் எந்த நெட்வொர்க்கிலும் இருக்காது. பாலிசியில் 'மருத்துவமனை' என்பதற்கு உள்ள படுக்கை எண்ணிக்கை நிபந்தனையைக்கூட சில கிளினிக்குகள் தாண்டாது. அப்படியென்றால் பின்னால் பில் கொடுத்து வாங்கும் வழியும் அடைபடும். ஆகவே அதே மருத்துவர் அறுவை செய்யப் போகிற பெரிய மருத்துவமனை எது என்று கேட்டு அங்கே வைத்துக்கொள்ளுங்கள். தியேட்டர் வாடகை கூடினாலும் மொத்தத்தில் லாபம்.

நெய்யாறு_கரை

> தண்டுப் பகுதி 60,000, வடிவப் பகுதி 90,000

எதுக்கு இவ்வளவு சுத்தல்? டாக்டரிடம் சொல்லி முழுசையும் செப்டோபிளாஸ்டி என்று எழுத வைத்தால் தீர்ந்ததே. ஊரில் நடக்காததா?

டி.பி.ஏ_மேசை

நடக்கிறது, மாட்டவும் செய்கிறார்கள். தியேட்டர் குறிப்பில் மூக்கு எலும்பை உடைத்து நகர்த்திய விவரம் இருக்கும். அது செப்டோபிளாஸ்டியில் வராது. பில்லில் வெளி ஸ்பிளின்ட் இருக்கும். முன்-பின் புகைப்படம் எடுத்திருப்பார்கள். ஒன்றைப் பார்த்தாலே ஆய்வாளருக்குப் புரியும். கிளெய்ம் போவதோடு நிற்காது, பாலிசியையே ரத்து செய்யலாம். 60 மாதம் கட்டி முடித்தவர்களுக்கு 'இனி கேள்வி கேட்க முடியாது' என்ற பாதுகாப்பு உண்டு. மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. நாளைக்கு வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் பாலிசி இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

நேர்மையான வழி இரண்டு பில். டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு அறுவையும் தனித்தனிப் பெயரில், நேரத்தோடு. தியேட்டர், மயக்க மருத்துவர் செலவை எந்த விகிதத்தில் பிரித்தார்கள் என்பதும் அதில் தெரிய வேண்டும். காப்பீட்டுக்காரர் தண்டுப் பகுதிக்கு மட்டும் கொடுப்பார், கையுறை, பஞ்சு போன்ற நுகர்பொருளைக் கழித்துக்கொண்டு.

வட்டிக்கணக்கு

இப்போ நோ காஸ்ட் இ.எம்.ஐ.க்கு வருவோம். கவுண்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மொத்தப் பணத்தையும் இன்றைக்கே கட்டினால் எவ்வளவு குறைப்பீங்க?" 10% குறைப்பார்கள் என்று வையுங்கள், 1,35,000. இ.எம்.ஐ. என்றால் 12,500 வீதம் 12 மாதம், அதாவது 1,50,000. உண்மையில் நீங்கள் வாங்கும் கடன் 1,35,000, கட்டுவது 1,50,000. மாத வட்டிக் கணக்கில் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 20%. இதோடு செயலாக்கக் கட்டணம் 2%, அதற்கு 18% ஜி.எஸ்.டி., 3,540 ரூபாய் முதல் நாளே போகும். அதையும் சேர்த்தால் 25%.

இதில் ஒரு சூட்சுமம். கடன் கொடுக்கும் எந்த நிறுவனமும் 'முக்கிய விவரத் தாள்' கொடுத்தே ஆக வேண்டும், கே.எஃப்.எஸ். என்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் எல்லா சில்லறைக் கடனுக்கும் கட்டாயம். அதில் எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதம் இருக்கும். ஆனால் உங்களுக்குக் கிடைக்காமல் போன 10% தள்ளுபடி அந்தத் தாளில் ஏறாது! அது கிளினிக்குக்கும் நிதி நிறுவனத்துக்கும் நடுவே உள்ள ஏற்பாடு. நிறுவனம் கிளினிக்குக்குக் குறைத்துக் கொடுக்கும், மிச்சம்தான் அவர்கள் வட்டி. தாளில் 4.4% மாதிரி அழகாகத் தெரியும்.

'பிளாட் 10%' என்று சொன்னாலும் இதே கதை. ஒரு லட்சம், இரண்டு வருஷம், பிளாட் 10% என்றால் மாதம் 5,000. அசல் குறையக் குறைய வட்டி குறையாத கணக்கு அது. குறையும் முறையில் போட்டால் 18% சொச்சம்.

தோவாளை_பூ

நகை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? பேங்கில் வைத்தால் முடிந்தது.

வட்டிக்கணக்கு

அப்படிச் சட்டென்று சொல்ல முடியாது அக்கா. நகைக் கடனில் விகிதம் குறைவு, ஆனால் கட்டும் முறையில்தான் பணம் போகிறது.

காப்பீடு தண்டுப் பகுதியைக் கொடுத்துவிட்டது, கையிலிருந்து வேண்டியது 1,10,000 என்று வைப்போம். மூன்று கணக்கு:

12% நகைக் கடன், வருஷக் கடைசியில் மொத்தமாகத் திருப்பும் வகை: வட்டி 13,200.
16% தனிநபர் கடன், 12 மாதத் தவணை: மாதம் 9,980, வட்டி 9,770 அளவில். செயலாக்கக் கட்டணமும் வரியும் 2,596. மொத்தம் 12,360 சொச்சம்.
அதே 12% நகைக் கடனில் மாதாமாதம் 9,773 கட்டிக்கொண்டே வந்தால்: வட்டி 7,280.

பார்த்தீங்களா, விகிதம் குறைந்த நகைக் கடனைச் சும்மா போட்டு வைத்தால் 16% கடனைவிடக் கூடுதல் செலவு. நகைக் கடன் எடுங்கள், ஆனால் இடையில் அசலைக் கட்டினால் கழித்துக்கொள்வார்களா, அதற்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு.

2026 ஏப்ரல் 1 முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி 2.5 லட்சம் வரைக்கும் நகை மதிப்பில் 85%, 5 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. மொத்தமாகத் திருப்பும் வகையில் வருஷக் கடைசி வட்டியையும் சேர்த்துத்தான் அந்த 85% பார்ப்பார்கள், அதனால் கைக்கு வருவது குறையும். கல், அரக்கு, முத்து எல்லாம் எடை போகும். உங்கள் கண்முன்னே உரசிப் பார்த்து, நிகர எடை, தரம், கழிவு எழுதிய சான்றைக் கையில் தர வேண்டும். கடன் அடைத்த பின் 7 வேலை நாளுக்குள் நகை வரவில்லை என்றால் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் கொடுக்கணும்.

விவசாய நகைக் கடன் வட்டி குறைவு என்று மூக்குக்காக அதை எடுக்க வேண்டாம். எதற்கு என்று எழுதிக் கொடுக்கிறோமோ அதற்குத்தான் அந்தப் பணம்.

வைப்புநிதி இருந்தால் இன்னும் எளிது. அதன் மேலேயே 90% வரை ஓவர்டிராப்ட் தருவார்கள், வைப்பு வட்டியைவிடப் பொதுவாக 1% கூடுதல், எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி.

பாறசாலை_ரயிலடி

சிட்டியைப் பற்றி யாரும் சொல்லக் காணோம். கே.எஸ்.எஃப்.இ. கேரள அரசு நிறுவனம், 1969-ல் தொடங்கியது, தலைமையகம் திருச்சூர். ஓடிப்போகிற சீட்டுக் கம்பெனி இல்லை. ஆனால் அவசரத்துக்கு ஆகாது.

5,000 வீதம் 40 மாதம், 2,00,000 சிட்டி என்று வையுங்கள். முதல் சில மாதத்தில் எடுக்க எல்லாரும் முண்டுவார்கள். ஏலத்தில் 30% தள்ளி (அவ்வளவு தொகையை விட்டுக்கொடுத்து) எடுத்தால் கைக்கு 1,40,000, அதற்கும் பலர் போட்டியிட்டால் குலுக்கல். தள்ளிய பணத்தில் நடத்துபவர் கமிஷன் போக மீதி எல்லாருக்கும் பிரிந்து தவணையில் குறையும் என்பது உண்மைதான், ஆனால் முன்கூட்டி எடுப்பவருக்கு அது கடன். பிந்தி எடுப்பவருக்குத்தான் சேமிப்பு.

அதோடு ஏலத்தில் விழுந்த மறுநாளே பணம் வராது. மிச்சத் தவணைக்கு ஜாமீன் வேண்டும். நகையோ வைப்புநிதியோ கொடுத்தால் சட்டென்று முடியும். நிலமும் சம்பளச் சான்றும் தமிழ்நாட்டில் உள்ளது என்றால், சேரும் முன்பே கிளையில் போய் எடுப்பார்களா என்று கேளுங்கள். சேர்ந்த பின் கேட்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

கணக்குப்பிள்ளை

இதோடு ஒத்துப்போகிறேன். வடிவ அறுவைக்கு ஒரு நாளும் அவசரம் இல்லை. தண்டுக்கு மூச்சடைப்பு ரொம்பத் தொல்லை என்றால் அதை மட்டும் காப்பீட்டில் இப்போதே செய்துவிட்டு வடிவத்துக்குச் சேர்த்து வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: வடிவத்தைச் சரிசெய்யும்போது ஒட்டுக்குத் தண்டுக் குருத்தெலும்பைத்தான் எடுப்பார்கள். முதலில் தண்டை வெட்டி எடுத்துவிட்டால் பிறகு காதிலோ விலாவிலோ எடுக்க வேண்டி வரும், செலவும் கூடும். பிரித்துச் செய்வது மிச்சமா நஷ்டமா என்பதை அறுவை செய்பவர்தான் சொல்ல முடியும்.

தியேட்டர்_ஸ்டாப்

பணம் எங்கே சிக்கும் என்பதை யாரும் தொடவில்லை.

முதலாவது, தள்ளிப்போகும் அறுவை. இரத்த அழுத்தம் ஏறியிருக்கும், ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும், சளி காய்ச்சல் வரும், புகை பிடிப்பதை நிறுத்தியிருக்க மாட்டார். மயக்க மருத்துவர் 'இன்னும் மூன்று வாரம்' என்பார். அதற்குள் இ.எம்.ஐ. கடன் ஒப்புதலாகி பணம் கிளினிக்குக்குப் போயிருந்தால் அறுவை நடக்காமலேயே தவணை ஓடும். ஆகவே பரிசோதனை எல்லாம் முடிந்து, மயக்க மருத்துவர் கையெழுத்து விழுந்த பிறகு கடனுக்கு ஒப்புதல் கொடுங்கள். முன்பணம் 5–10% போதும், மிச்சம் அட்மிஷன் அன்று காலை.

இரண்டாவது, திருத்த அறுவை. மூக்கில் வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும், அதற்கு முன்னால் திருத்தம் தொட மாட்டார்கள். 'திருத்தம் இலவசம்' என்றால் பெரும்பாலும் மருத்துவர் கட்டணம் மட்டும்தான் இலவசம். தியேட்டர், மயக்க மருந்து, மருந்துக்கடைச் செலவு உங்களுடையது. எத்தனை மாதத்துக்குள், எது இலவசம் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, சிக்கல். வடிவ அறுவையால் வந்த இரத்தக் கசிவு, தொற்று இவற்றுக்கு மறுபடி அட்மிட் ஆனால், மூலச் சிகிச்சையே விலக்கில் உள்ளது என்று சொல்லிக் காப்பீடு பெரும்பாலும் தள்ளும். மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் கையில் வைத்திருப்பது என் கணிப்பில் குறைந்தபட்சம். கடன் எடுத்து அந்தக் கடைசி ரூபாய் வரை கிளினிக்கில் கட்டிவிட்டு நிற்பவர்களைத்தான் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

நெய்யாறு_கரை

முடி நடுவதற்கும் இதே கணக்குதானா?

தியேட்டர்_ஸ்டாப்

காப்பீடு சுத்தமாக இல்லை, வரி உண்டு. விலை கேட்கும்போது 'கிராப்டு' (ஒன்றாக எடுத்து நடும் முடிவேர்க் கொத்து) கணக்கா 'முடி' கணக்கா என்று கேளுங்கள். ஒரு கிராப்டில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் முடி இருக்கும். '5,000 முடி' என்று மலிவாகச் சொல்வதை அடுத்த கடையின் 2,500 கிராப்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அறுவைப் பயிற்சி உள்ள மருத்துவர் செய்ய வேண்டியது இது. டெக்னீஷியன் மட்டும் வைத்து நடத்தும் இடத்தில் விலை குறையும், அவ்வளவுதான்.

தோவாளை_பூ

உதடு பிளவு, தீக்காயத்தால் ஒட்டிய தோல் இதற்கெல்லாம் கடன் பக்கமே போக வேண்டாம் என்பதையும் யாராவது சொல்லுங்கள். இழையைப் படிப்பவர்களில் அப்படி உள்ளவர்களும் இருப்பார்கள்.

டி.பி.ஏ_மேசை

சரியான பேச்சு. பிளவுக்கு ஸ்மைல் டிரெயின் அமைப்போடு இணைந்த மருத்துவமனைகளில் அறுவை இலவசம். குழந்தை என்றால் அங்கன்வாடி, பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் காட்டினால் அவர்களே அனுப்பி வைப்பார்கள். தீக்காயச் சுருக்கத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு (குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்) அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் தொடங்கலாம், தேவைப்பட்டால் மேலே அனுப்புவார்கள். பார்டர் தாண்டும் முன் ஒன்று: அட்டை தமிழ்நாட்டுடையது, கேரளத்தின் காருண்யா திட்டம் அந்த ஊர்க் குடும்பங்களுக்கு. திருவனந்தபுரம் பக்கத்தில் இருக்கிறது என்று நேரே போய் அட்டையை நீட்டினால் ஏமாற்றம்தான். அந்த மருத்துவமனை உங்கள் அட்டையின் பட்டியலில் உண்டா என்று முதலில் போனில் கேளுங்கள்.

பாறசாலை_ரயிலடி

பிளேடு (கந்துவட்டி) பற்றியும் ஒரு வார்த்தை. 'ஈடு வேண்டாம், வெற்றுச் செக் போதும், நாளைக்கே பைசா' என்று களியக்காவிளைக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003, கேரளத்தில் அதே மாதிரி 2012. சட்டம் இருந்தும், கையெழுத்துப் போட்ட செக் அவர்கள் கையில் இருக்கும் வரை கோர்ட் ஏறி இறங்குவது நீங்கள்தான்.

மார்த்தாண்டம்_பாலம்

ரொம்ப உபகாரம். கொட்டேஷனைப் பிரிக்கச் சொல்லி இருக்கிறேன். கடைசியாக ஒன்று: கடனுக்கு ஒப்புதல் கொடுத்த பிறகு மனம் மாறினால்? கிளினிக் கேரளத்தில் இருப்பதால் புகார் என்றால் அங்கேயே அலைய வேண்டுமா?

வட்டிக்கணக்கு

டிஜிட்டல் கடன் என்றால் விலகிக்கொள்ள அவகாசம் உண்டு, குறைந்தது ஒரு நாள். எத்தனை நாள் என்பது கே.எஃப்.எஸ்.-ல் இருக்கும். அதற்குள் அசலையும் அந்த நாட்களின் வட்டியையும் திருப்பினால் அபராதம் இல்லை, ஒப்பந்தத்தில் சொல்லியிருந்தால் செயலாக்கக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பணம் கிளினிக் கணக்குக்குப் போயிருந்தால் அவர்கள் நிதி நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பி, கடன் முடிந்த கடிதம் உங்கள் கைக்கு வரும் வரை தவணையை நிறுத்தாதீர்கள். 'நாங்க கேன்சல் பண்ணிட்டோம்' என்று கிளினிக்கில் வாயால் சொன்னதை நம்பி நிறுத்தினால் செக் பவுன்ஸ் கட்டணமும் சிபில் (கடன் மதிப்பெண்) அடியும் உங்கள் தலையில். நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்), 14448.

டி.பி.ஏ_மேசை

அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நாகர்கோவிலில் கொடுத்தால் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. காப்பீட்டுக்காரர் தண்டுப் பகுதியைத் தள்ளினால் அது தனி வழி: முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு, பிறகு சென்னை இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மேனுக்கு ஒரு வருஷத்துக்குள். தள்ளிய கடிதத்தில் எந்த விலக்கு எண் என்று போட்டிருக்கும். 08 என்று இருந்தால் சி.டி. அறிக்கையையும் அந்த இரண்டு பத்தி பில்லையும் இணைத்து அனுப்புங்கள்.